பூக்காத புற்களை வகை பிரித்த ஆண்டு

எனக்கு இருபத்தேழு வயதாக இருந்தபோது, நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மேய்ச்சல் புறம்போக்கில் என்னென்ன செடிகள் முளைக்கின்றன என்று எழுதித் தரும் வேலை கிடைத்தது. ஓராண்டுக்கு மட்டுமான வேலை. மேய்ச்சல் நிலங்களைச் சீர்படுத்த வேண்டும் என்று சர்க்காரில் யாரோ பெரியவர்கள் பேசியிருந்தார்கள். அந்தப் பேச்சின் கடைசி நுனி நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு மூன்று வருடம் சேலத்தில் சும்மா கிடந்தவனுக்கு அந்த நுனியே பெரிதாகத் தெரிந்தது.

அந்த மூன்று வருடத்தில் எனக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. ஓரிடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதே எழுந்து வாசல்வரை போய்த் திரும்புவேன். படித்துக்கொண்டிருந்தால் நடுப்பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டுத் தெருவில் இறங்கிவிடுவேன். என் மனைவி ஆத்தூர்க்காரி. எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். "நடந்துகிட்டே மேயறதுக்கு நீங்க என்ன மாடா? உட்கார்ந்து சாப்பிடுங்க" என்பாள். வெளியில் சுற்றும் வேலை என்று தெரிந்ததும் என்னைவிட அவள்தான் அதிகம் சந்தோஷப்பட்டாள். ஆடி மாதத்தில் இரண்டு பெட்டிகளோடு நாமகிரிப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

புறம்போக்கு ஊரிலிருந்து ஒரு மைலுக்குக் கிழக்கே இருந்தது. சரளை மண். அங்கங்கே வெள்வேல மரங்கள். வடக்கு ஓரமாக ஓர் ஓடை, அதில் ஒரு பள்ளத்தில் மட்டும் ஆடியிலும் தண்ணீர் வற்றாமல் நின்றிருந்தது. ஓடைக்கரையை ஒட்டிய மூன்று ஏக்கர்தான் அந்த நிலத்திலேயே பச்சை உள்ள பகுதி. அதை முள் போட்டு அடைத்து, மேய்ச்சல் படாத இடத்தில் என்ன முளைக்கிறது, மேய்ச்சல் படுகிற இடத்தில் என்ன முளைக்கிறது என்று ஒப்பிட்டு எழுத வேண்டும் என்பது எனக்கு வந்த உத்தரவு. எல்லாச் செடிகளுக்கும் லத்தீன் பெயர் எழுத வேண்டும் என்பது உத்தரவின் இரண்டாம் பகுதி.

வெள்வேல முள்ளை வெட்டி ஆட்கள் வேலி போட்ட அன்றே ஆடு மேய்க்கும் ஒருத்தி வந்துவிட்டாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. புருஷன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது என்று பிறகு தெரிந்தது. அவளுக்குப் பின்னால் நாற்பதுக்குக் குறையாத செம்மறிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றன.

"ஏனுங்க, நல்ல பக்கத்தையெல்லாம் நீங்க அடச்சுப்போட்டா என்ற ஆடு எங்கீங்க போவும்?"

"இவ்வளவு நிலம் இருக்கேம்மா. இது ஒரு ஓரம்தானே."

"அந்த ஓரத்துலதானுங்க தண்ணி இருக்குது. தடமும் அதுக்குள்ளதான் போவுது. இனிமேல் சோளக்காட்டைச் சுத்திக்கிட்டுல்ல போவோணும்?"

தண்ணீருக்குப் போகும் ஆட்டுத் தடத்தையும் சேர்த்து வேலி அடைத்துவிட்டதை நான் அப்போதுதான் கவனித்தேன். ஆட்கள் வேலையை முடித்துவிட்டிருந்தார்கள். மறுபடி பிரித்துப் போடச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சர்க்கார் வேலையில் முதல் வாரம்.

"ஐப்பசி முடியற வரைக்கும்தான். கார்த்திகை பொறந்ததும் நானே பிரிச்சுடறேன்."

"நெசமாங்க?"

"நெசமா."

அவள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அந்த வருடம் மழை பொய்த்தது. ஆவணியில் இரண்டு தூற்றல், புரட்டாசியில் ஒன்றுமேயில்லை. புல் முளைத்தது, விரல் நீளம் வளர்ந்தது, அப்படியே நின்றுவிட்டது. பூ வரவில்லை. தாவரவியல் படித்தவர்களுக்குத் தெரியும்: புல்லின் பெயர் அதன் பூவில்தான் இருக்கிறது. பூ வைக்காத இரண்டு புற்களை அருகருகே வைத்தால் நான் படித்த புத்தகங்கள் எல்லாமே வாயை மூடிக்கொள்ளும். நான் தினமும் விடியும்போதே போய், கதிர் வந்துவிட்டதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரே செடியை ஒரு நாளில் நான்கு முறை பார்த்திருக்கிறேன். பார்ப்பதால் பூத்துவிடுமா என்ன?

சேலத்திலிருந்து மேலதிகாரி கடிதம் எழுதினார். பட்டியல் எங்கே என்று முதல் கடிதம். பட்டியல் இன்னும் ஏன் வரவில்லை என்று இரண்டாவது. மூன்றாவதில், ஐப்பசிக்குள் அறிக்கை வராவிட்டால் வேலையை மூடிவிடலாம் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டின் ஒரே அறையில் சுவருக்குச் சுவர் நடந்தேன். வேரோடு பிடுங்கி, பழைய பத்திரிகைத் தாளில் அமுக்கிக் காயவைத்திருந்த செடிகள் மூலையில் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. ஒன்றுக்கும் உறுதியான லத்தீன் பெயர் இல்லை.

மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க நடக்கறதைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது. அந்தச் செடிக் கட்டுகளை இப்படிக் கொண்டாங்க."

"எதுக்கு?"

"பூ இல்லேன்னா என்ன? இலை இல்லையா? வேர் இல்லையா? இத்தனை நாளா அங்கேயே நின்னு பார்த்திருக்கீங்களே, எது என்ன பண்ணுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

எது என்ன பண்ணுகிறது. அந்தக் கேள்வியை எந்தப் பரீட்சையிலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் கட்டுகளை இறக்கினேன்.

தரை முழுவதும் தாள்களைப் பரப்பினோம். காலையில் தொடங்கியது, அடுப்பு மூட்டவே மறந்துபோனோம். கணுவுக்குக் கணு வேர் விட்டுத் தரையோடு படருகிறவை ஒரு பக்கம்; அருகம்புல் அதில் முதலாவது. ஆடு எவ்வளவு கடித்தாலும் அதன் உயிர் தரைக்குள் இருக்கிறது. தூர் கட்டி நிமிர்ந்து நிற்பவை இன்னொரு பக்கம். கொழுக்கட்டைப்புல்லும் ஊசிப்புல்லும் அங்கே போயின. மழைக்கு முளைத்து மழையோடு முடிந்துபோகும் அவசரக்காரப் புற்கள் வாசற்படிப் பக்கம். முள்ளாலோ கசப்பாலோ வாயை விரட்டுகிறவை அடுப்படிப் பக்கம். வேரில் கடுகளவு முடிச்சுகள் வைத்து மண்ணுக்கு உரம் சேர்ப்பவை சன்னலடியில். நரிப்பயறும் செப்புநெருஞ்சியும் அங்கே.

"நெருஞ்சி முள்ளுல்ல? அது அடுப்படிப் பக்கம்தானே?" என்றாள்.

"பேர்லதான் நெருஞ்சி. இது பயறு ஜாதி. வேரைப் பாரு."

கொழிஞ்சியில் வந்துதான் சண்டை பெரிதானது. வேரில் முடிச்சு இருக்கிறது, ஆனால் கசப்பால் ஆடு மாடு தொடுவதில்லை. நான் சன்னலடியில் வைத்தேன், அவள் எடுத்து அடுப்படியில் வைத்தாள். நான் மறுபடி எடுத்தேன்.

"ஒரு செடிக்கு ஒரு இடம்தான் இருக்க முடியும்" என்றேன்.

"ஏன்? நான் உங்களுக்குப் பொண்டாட்டி, எங்கப்பாவுக்குப் பொண்ணு. ரெண்டு இடத்துலயும்தான் இருக்கேன்."

தாளை இரண்டாகக் கிழிக்க முடியாதே என்று நான் முணுமுணுத்தேன். கடைசியில் இரண்டு கட்டுக்கும் நடுவில் கொழிஞ்சியை வைத்தோம். அன்று மாலை நான் அறையில் நடக்கவில்லை.

மறுநாள் ஒரு கயிறை எடுத்துக்கொண்டு போனேன். வேலிக்கு உள்ளே ஒரு நீளம், வெளியே ஒரு நீளம். கயிறு தொடுகிற ஒவ்வொரு செடியும் எந்தக் கூட்டம் என்று மட்டும் குறித்தேன், பெயர் தேவைப்படவில்லை. மூன்று நாளில் விஷயம் வெளியே வந்தது. வெளியே தரையோடு படருகிறவையும் கசப்பும் முள்ளும்தான். தூர் கட்டும் புல் ஒன்றுகூடச் சுண்டுவிரல் உயரத்தைத் தாண்டவில்லை. உள்ளே, மழையே இல்லாமலும், தூர்ப்புல் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் பருத்துக்கொண்டிருந்தது. நிலம் கெட்டுப்போகவில்லை, மூச்சு விடத்தான் நேரம் கேட்கிறது என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் வந்ததிலிருந்து பழைய பரபரப்பு வேறு வடிவில் திரும்பியது. இரவில் படுத்தால் காலுக்குள் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். எப்போது விடியும் என்று கிடப்பேன்.

ஐப்பசியின் இரண்டாம் வாரத்தில் மழை வந்தது. மூன்று நாள் அடித்துப் பெய்துவிட்டு நின்றது. அடைப்புக்குள் கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரம் எழும்பி, கதிர் தள்ள ஆரம்பித்தது. சேலத்துக்கு எழுதி ஒரு மாதம் தவணை வாங்கினேன். கார்த்திகை பிறந்தது.

பிறந்த அன்றே ஆட்டுக்காரம்மா வேலியருகே வந்து நின்றாள்.

"சாமி, நாள் ஆயிருச்சுங்க."

"தெரியும்மா. இன்னும் ஒரு பத்து நாள். இப்பத்தான் கதிர் வருது. விதை விழுந்துட்டா அடுத்த வருஷம் உங்க ஆட்டுக்குத்தானே நல்லது?"

"அடுத்த வருசம் நல்லதுங்க. இன்னைக்கு என்னங்க பண்றது?"

"பத்தே நாள்."

முள்ளுக்கு மேலாக உள்ளே இருந்த பச்சையை எட்டிப் பார்த்த ஆடுகளை அவள் ஒவ்வொன்றாகக் கையால் தள்ளித் திருப்பினாள். அந்தப் பத்து நாளில் எனக்கு வேண்டியிருந்தது விதை மட்டும் என்று இன்று என்னால் சொல்ல முடியாது. கதிர் வந்துவிட்டால் லத்தீன் பெயரும் வந்துவிடும். வகை பிரித்ததோடு பெயரையும் எழுதி அனுப்பினால் மேலதிகாரி அசந்துபோவார், வேலை நிரந்தரமாகும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஏழாம் நாள் காலை, நாங்கள் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். கூச்சலிடவில்லை. புடவை முந்தானை முழுவதும் நனைந்திருந்தது.

"ஏனுங்க, வந்து பாருங்க. நீங்களும் வாங்க அம்மிணி."

புறம்போக்கின் கிழக்கே இருந்த சோளக்காடு மழையில்லாமல் கதிர் பிடிக்காததால் ஆவணியிலேயே தீவனத்துக்கு அறுக்கப்பட்டிருந்தது. ஐப்பசி மழைக்கு அடிக்கட்டைகள் துளிர்த்திருந்தன. பிறகு அடித்த வெயிலில் அந்தத் துளிர் வாடித் தொங்கியது. வாடிய சோளத்துளிர் விஷம் என்பது அந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தண்ணீருக்குப் போகும் வழி அடைபட்டதால் நான்கு மாதமாக அந்தக் காட்டு வரப்பில்தான் ஆடுகளை ஓட்டிப்போய் வந்திருக்கிறாள். அன்று விடியற்காலையில் பசி தாங்காத ஆடுகள் ஒரே பாய்ச்சலாக வரப்பைத் தாண்டி இறங்கிவிட்டன. முன்னால் போனவற்றை அவள் விரட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நின்றவை மேய்ந்திருக்கின்றன.

ஒன்பது ஆடுகள் வரப்போரமாகக் கிடந்தன. வயிறு உப்பி, வாயில் நுரை காய்ந்திருந்தது. பத்தாவது ஒரு பெட்டை, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதன் தலையை மடியில் வைத்து, கருப்பட்டி கரைத்த மோரை அவள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். முந்தானை நனைந்தது அதனால்தான். அவள் மறுபடி அதனருகே உட்கார, என் மனைவியும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆட்டின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். நான் நின்றேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நீங்க சொன்ன நாளு போன வாரமே முடிஞ்சுதுங்க" என்றாள் அவள், தலை நிமிராமல்.

அவள் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நான் ஓடினேன். வேலியை அடைந்ததும் கையாலேயே முள்ளைப் பிடித்து இழுத்தேன். அரிவாள் கொண்டுவர வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. உள்ளங்கையெல்லாம் கிழிந்தது. சற்று நேரத்தில் மனைவியும் வந்து மறுபுறத்திலிருந்து இழுக்க ஆரம்பித்தாள். "மெதுவா, மெதுவா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஓடைக்குப் போகும் தடத்தின் அகலத்துக்கு வழி திறந்ததும், ஆட்டுக்காரம்மா ஓட்டி வந்த மிச்ச ஆடுகள் உள்ளே பாய்ந்தன.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஆடுகள் மேய்வதை நான் பார்த்தேன். முதலில் நரிப்பயற்றின் கொடிகளை இழுத்தன. அடுத்தது அவசரக்காரப் புற்களின் இளம் தாள்கள். அதன் பிறகே கொழுக்கட்டைப்புல், அதிலும் கதிரை விட்டுவிட்டு இலையை மட்டும். ஊசிப்புல்லை மூக்கால் ஒதுக்கிவிட்டுப் போயின. எந்தக் கூட்டம் முதலில், எந்தக் கூட்டம் கடைசியில் என்று என் மனம் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. ரத்தம் ஒட்டிய விரல்களோடு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் ஆட்டுக்காரம்மா எனக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

பென்சிலைப் பைக்குள் திரும்பச் செருகப் போனேன்.

"எழுதுங்க" என்றாள். "எழுதிக்கங்க. அதாச்சும் மிச்சமாகட்டும்."

நான் எழுதினேன்.

அந்தப் பெட்டையாடு மதியத்துக்குள் செத்துவிட்டது.

அறிக்கையை எழுத எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. கையில் கட்டுப் போட்டிருந்ததால் நான் சொல்லச் சொல்ல மனைவிதான் எழுதினாள். ஐந்து கூட்டங்கள், ஒவ்வொன்றும் எப்படி வளர்கிறது, எப்படிப் பிழைக்கிறது, ஆடு எந்த வரிசையில் தின்கிறது, அடைப்புக்குள் என்ன கூடியது, வெளியே என்ன குறைந்தது. கடைசி வரியை நான் சொல்லி முடித்ததும் அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"செத்த ஆடு எங்கே?"

"இது புல்லைப் பத்தின அறிக்கை."

"வேலி போட்டதை எழுதியிருக்கீங்க. வேலியால ஆனதை எழுத வேண்டாமா?"

எழுதினால் வேலை போய்விடும் என்று சொன்னேன். போனால் ஆத்தூருக்குப் போவோம் என்றாள். அன்று முழுவதும் ஊரைச் சுற்றி நடந்தேன். மாலையில் வந்து, தண்ணீர்த் தடத்தை அடைத்தது என் தவறு என்றும், சொன்ன நாளில் பிரிக்காததால் பத்து ஆடுகள் செத்தன என்றும் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன்.

மேலதிகாரி தை மாதம் நேரில் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் ஒழுங்கு மாறினால் அவருக்குச் செரிக்காது. அறிக்கையை வெள்வேல நிழலில் நாற்காலி போட்டுப் படித்தார்.

"இது என்ன, தாவரங்களைத் தொழில்வாரியா பிரிச்சிருக்கீர்? ஒரே குடும்பத்துச் செடி மூணு இடத்துல கிடக்கு. லத்தீன் பேர் பாதிக்கு இல்லை."

"பூ வரலைங்க சார்."

"பேர் இல்லாத செடி சாட்சி இல்லாத வழக்கு மாதிரி." அடுத்த பக்கத்தைப் புரட்டினார். புருவம் மேலே போயிற்று. "ஆனா இது உபயோகமா இருக்கு. அடைச்சா தீவனப்புல் திரும்ப வருது. அப்படின்னா மொத்தப் புறம்போக்கையும் இரண்டு வருஷம் அடைக்கச் சொல்லி எழுதிடலாம்."

நான் கண்டுபிடித்ததன் முடிவு அதுவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"சார், கடைசிப் பக்கத்தைப் படியுங்க."

படித்தார். "இதை எடுத்துடலாம். உமக்குத்தான் கெடுதல்."

"எடுக்க வேண்டாங்க சார்."

"முழுசா அடைக்காம புல் எப்படி வரும்?"

நான் அவரை எழுப்பி நடத்திக் கூட்டிப்போனேன். ஆடுகள் நுழைந்து இரண்டு மாதம் ஆகியும், மழை ஈரம் இருந்தவரைக்கும் தூர்ப்புல் அடியிலிருந்து மறுபடி கிளம்பியிருந்ததைக் காட்டினேன். தூர் கட்டும் கூட்டத்துக்கு ஒரு மழைக்காலம் ஓய்வு கிடைத்தால் போதும், படரும் கூட்டத்துக்கு அதுவும் தேவையில்லை. பாதியை ஒரு வருடம், மறுபாதியை அடுத்த வருடம் அடைக்கலாம், தண்ணீர்த் தடத்தை எப்போதும் திறந்து வைக்க வேண்டும் என்றேன். என் வாழ்நாளில் ஒரு மேலதிகாரியிடம் அவ்வளவு வேகமாக நான் பேசியதில்லை. அவர் செருப்பில் ஒட்டிய ஊசிப்புல் விதைகளைப் பிடுங்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அறிக்கையை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பங்குனியில் உத்தரவு வந்தது: பாதிப் பாதியாக அடைக்க வேண்டும், தடம் திறந்திருக்க வேண்டும். அதே தபாலில் எனக்கும் ஒரு கடிதம் இருந்தது. என் வேலை நீட்டிக்கப்படாது என்று அதில் எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தின் இரண்டு வரிகளும் சேலத்தில் யாராலோ நீக்கப்பட்டிருந்தன என்பது பின்னால் தெரிந்தது.

கிளம்புவதற்கு முன் ஆட்டுக்காரம்மாவைப் பார்க்கப் போனேன். உத்தரவைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"நீங்க போறீங்களாக்கும்."

"ஆமாம்மா. அந்த ஆடுகளுக்கு என்னால..."

"உடுங்க சாமி. அதைச் சொல்லி என்ன ஆவப்போவுது." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மன்னித்தாள் என்று நான் நினைக்கவில்லை. அவளிடம் அதை எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

ஆத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. யுத்த காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து அந்த வாயுவில் ஓடும் பஸ்ஸில் ஒருமுறை ராசிபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாமகிரிப்பேட்டையைத் தாண்டியதும் பஸ் வழக்கம்போல நின்றுவிட்டது; டிரைவர் இறங்கி அடுப்பைக் கிளறினான். சாலையோரம் அவள் ஆடுகளோடு வந்துகொண்டிருந்தாள். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. மந்தை பெரிதாகியிருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"நல்லா இருக்கீங்களா? அம்மிணி நல்லா இருக்காங்களா?"

நன்றாக இருப்பதாகச் சொன்னேன். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்தப் பாதிப் பாதி அடைப்பு நடக்குதா?"

"அஞ்சாறு வருசம் நடந்துதுங்க. புல்லு நல்லாத்தான் வந்துது, பொய் சொல்லக்கூடாது. போன வருசம் மழையில்லீங்க. ரெண்டு பக்கத்தையும் தொறந்துட்டோம்."

"யாரு தொறந்தாங்க?"

"மொத முள்ளை நான்தான் இழுத்தேன்." என் முகத்தை நேராகப் பார்த்தாள். "பசிக்கற ஆட்டுக்கிட்ட, இது உன்ற வருசமில்லைன்னு யாருங்க சொல்றது?"

எனக்குப் பதில் இருந்தது. ஒரு வறண்ட வருடத்தில் திறந்தால் தூர் செத்துவிடும், அது திரும்ப எத்தனை வருடம் ஆகும் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னதிலும் தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை.

"இந்த வருஷம் எப்படி?" என்று மட்டும் கேட்டேன்.

"இந்த வருசம் எல்லாருமாச் சேர்ந்து கெழக்கால மட்டும் அடச்சிருக்கோமுங்க. எத்தனை நாளைக்கோ, தெரியலை."

மந்தை அதற்குள் பாதி தூரம் போய்விட்டிருந்தது. "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு, "டுர்ர், டுர்ர்" என்று குரல் கொடுத்தபடி அவள் அதன் பின்னால் வேகமாக நடந்தாள். டிரைவர் ஏறச் சொல்லிக் கூப்பிட்டான்.